வீட்டு மெயில் சர்வரில் கண்டவன் கடிதமும் போகாமல் தடுப்பது: முழு வழிகாட்டி

எங்கள் அப்பா இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் தப்பால்காரராக இருந்தவர். காலையில் தோட்டத்து ஆபீசில் பையை வாங்கிக்கொண்டு டவுனுக்கு நடப்பார், வெயில் ஏறுவதற்குள் திரும்பி வருவார். லயத்துக்கு (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) தனி விலாசம் கிடையாது. எல்லாக் கடிதமும் தோட்டத்தின் பெயருக்கே வந்து, அங்கிருந்துதான் ஆளாளுக்குப் பிரியும். அவரிடம் இரண்டு விதி இருந்தது. தோட்டத்து ஆட்களுக்கு வரும் கடிதமென்றால் யார் அனுப்பியிருந்தாலும் வாங்கிக்கொள்வார். வெளியே போகிற கடிதமென்றால் தோட்டத்து ஆள் கையால் கொடுத்தால் மட்டும் பையில் போடுவார். ரோட்டோரம் நிற்கிற முகம் தெரியாதவன் ஒரு கட்டை நீட்டி “இதையும் சேத்துப் போட்டுருங்க” என்றால், “தபால் கந்தோர் அந்தா இருக்கு, நீங்களே போடுங்க” என்று நடையைக் கட்டிவிடுவார்.

மெயில் சர்வர் ரிலே விஷயமும், அதாவது ஒருவர் கொடுத்த மெயிலை வாங்கி அடுத்த சர்வருக்குத் தள்ளிவிடுவதும், இந்த இரண்டு விதிதான். நம் டொமைனுக்கு (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) வரும் மெயிலை எவரிடமிருந்தும் வாங்கலாம். நம் டொமைனைத் தாண்டிப் போகிற மெயிலை நம் ஆட்களிடமிருந்து மட்டும் வாங்க வேண்டும். இரண்டாவது விதி உடைந்தால் அதற்குப் பெயர் ஓப்பன் ரிலே. உலகத்தில் எவனோ ஒருவன் எவனோ ஒருவனுக்கு அனுப்பும் குப்பை, நம் வீட்டு முகவரியின் முத்திரையோடு போகும்.

ஒரு காலத்தில் இது குற்றமாக இருக்கவில்லை. 1982இல் எஸ்எம்டிபி (சர்வர்கள் மெயில் பரிமாறும் முறை) விதிகள் எழுதப்பட்டபோது, அடுத்தவர் மெயிலை வாங்கித் தள்ளிவிடுவது வழிப்போக்கனுக்குத் தண்ணீர் கொடுப்பது மாதிரி ஒரு மரியாதை. ஸ்பேம் வந்து அந்த மரியாதையைக் கெடுத்தது. 1998இல் வந்த சென்ட்மெயில் 8.9 என்ற மெயில் சர்வர் மென்பொருள் ரிலேயைத் தானாகவே மூடி வைத்துத்தான் வந்தது. இன்றைய போஸ்ட்ஃபிக்ஸும் அப்படியே, நிறுவியவுடன் பத்திரமாகத்தான் இருக்கிறது. அதைத் திறந்துவிடுவது நாம்தான், ஏதாவது ஒரு வேலை நடக்கவில்லை என்று கை வைக்கும்போது.

நான் திறந்துவிட்டது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாதி வழிகாட்டி அதற்குள் இருக்கிறது.

விடாமல் மின்னிய லைட்

பழைய லேப்டாப் ஒன்றில் டெபியன் லினக்ஸ் போட்டு, மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும் பெட்டியிலிருந்து படிக்கக் கொடுக்கும் டவ்காட்டும் ஏற்றி, வீட்டில் ஐந்து பேருக்கு மெயில் கொடுத்திருந்தேன். எல்லாம் நன்றாக ஓடியது. தலவாக்கலையில் படிப்பிக்கிற அக்கா விடுமுறைக்கு வந்தபோது ஒரு பழைய ஸ்கேனர் கொண்டுவந்தார். அதிலிருந்து நேராக மெயில் அனுப்ப வேண்டும், ஆனால் அதற்குக் கடவுச்சொல் கொடுக்கும் வசதி இல்லை. சரி, வீட்டுக்குள் இருக்கிற கருவிதானே என்று, நம்பிக்கைக்குரிய முகவரிகளின் பட்டியலில் வீட்டு நெட்வொர்க் முழுவதையும் சேர்த்தேன்:

மைநெட்வொர்க்ஸ் = 127.0.0.0/8 192.168.1.0/24

ஸ்கேனர் வேலை செய்தது. நானும் மறந்துவிட்டேன். சில நாள் கழித்து அப்பா கேட்டார்: “ராத்திரி பூரா அந்தப் பெட்டி லைட்டு ஏண்டா இப்படித் துடிக்குது?” ரவுட்டரைத்தான் சொன்னார். அனுப்பக் காத்திருக்கும் வரிசையைப் பார்த்தால் ஆயிரக்கணக்கில் மெயில், எல்லாம் எனக்குத் தெரியாத டொமைன்களுக்கு. லாக்கை (சர்வர் எழுதும் பதிவேடு) திறந்தேன். வரிக்கு வரி ஒரே முகவரி:

கனெக்ட் ஃப்ரம் அன்நோன்[192.168.1.1]

192.168.1.1 என்பது என் ரவுட்டர். ரவுட்டரா ஸ்பேம் அனுப்புகிறது? இல்லை. சில ரவுட்டர்கள் போர்ட் ஃபார்வர்ட் செய்யும்போது (வெளி இணைப்பை உள்ளே இருக்கும் கணினிக்குத் திருப்பிவிடும்போது), வெளியிலிருந்து வருகிறவரின் உண்மை முகவரியை எடுத்துவிட்டுத் தன் உள்வீட்டு முகவரியைப் போட்டு அனுப்பும். பனி இறங்கிய காலையில் எல்லாரும் கம்பளி போர்த்தி மலைக்கு ஏறினால் யார் நம்மாள், யார் புதிசு என்று தெரியுமா? அதே கதை. உலகத்திலுள்ள அத்தனை பேருக்கும் ரவுட்டர் எங்கள் வீட்டுக் கம்பளியைப் போர்த்தி உள்ளே விட்டுக்கொண்டிருந்தது, சர்வரும் “நம்ம பிள்ளைதான்” என்று வழிவிட்டது.

அன்றிலிருந்து என் கொள்கை ஒன்று: எங்கிருந்து வருகிறான் என்பதை வைத்து எவனையும் நம்புவதில்லை. கடவுச்சொல் சொன்னால் மட்டும்தான் வெளிக் கடிதம். கீழே வரும் அமைப்பு முழுவதும் இதன் மேல் கட்டியது.

தொடங்குவதற்கு முன்

கட்டளைகளையும் அமைப்பு வரிகளையும் இங்கே தமிழெழுத்தில் தருகிறேன். கோப்பில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். வாய்விட்டு வாசித்தால் எழுத்துக்கூட்டல் தெரிந்துவிடும். அண்டர்ஸ்கோர் அப்படியே வரும். உதாரணத்துக்கு நம் டொமைனை ‘வீடு.உதாரணம்’ என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு கோப்புகள் முக்கியம்: மெயின்.சிஎஃப், மாஸ்டர்.சிஎஃப். இரண்டையும் நகலெடுத்து வைத்துவிட்டுத் தொடுங்கள். இப்போது உங்கள் சர்வரில் என்ன இருக்கிறது என்று பார்க்க ‘போஸ்ட்கான்ஃப் -என்’ என்று கொடுங்கள். கோப்பில் வெளிப்படையாக எழுதியவை மட்டும் வரும். நிறுவும்போது டெபியன் கேட்கும் கேள்விக்கு ‘இன்டர்நெட் சைட்’ என்று பதில் கொடுத்திருந்தால், மைநெட்வொர்க்ஸ் வரியில் 127இல் தொடங்கும் முகவரியும் அதற்கிணையான ஐபிவி6 (இணைய முகவரியின் புதிய வடிவம்) முகவரிகளும் மட்டும் இருக்கும். வேறு ஏதாவது இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் நீங்களே.

டெபியன் 12 முதல் பழைய லாக் கோப்பு தானாக வராது. ஜர்னல்சிடிஎல் வழியாகத்தான் பார்க்க வேண்டும், அல்லது ஆர்சிஸ்லாக்கை நிறுவிக்கொள்ள வேண்டும். மெயில் லாக் காணோம் என்று நான் அரை நாள் தேடியிருக்கிறேன்.

படி 1: ‘நம்மவை’ எவை என்று சொல்லுங்கள்

மெயின்.சிஎஃப்பில்:

மைஹோஸ்ட்நேம் = மெயில்.வீடு.உதாரணம்
மைடெஸ்டினேஷன் = $மைஹோஸ்ட்நேம், வீடு.உதாரணம், லோக்கல்ஹோஸ்ட்
ரிலே_டொமைன்ஸ் =

மூன்றாவது வரியில் சமக்குறிக்குப் பிறகு ஒன்றுமில்லை, அது வேண்டுமென்றே. இந்தப் பட்டியலில் எந்த டொமைன் இருக்கிறதோ அதற்குப் போகும் மெயிலை எவர் கொடுத்தாலும் சர்வர் வாங்கித் தள்ளும். ஜிமெயிலுக்கு மெயில் போகவில்லை என்று தவிக்கும் ஒருவர் ‘ரிலே’ என்ற சொல்லைப் பார்த்ததும் ஜிமெயில் டொமைனை இங்கே எழுதிவிடுவார். மெயில் போகும். அவருடையது மட்டுமல்ல, எல்லாருடையதும் போகும். போஸ்ட்ஃபிக்ஸ் 3.0க்கு முன் இந்த வரிக்கு இயல்பு மதிப்பு மைடெஸ்டினேஷனைச் சுட்டும். 3.0இலிருந்து வெறுமைதான் இயல்பு. எதுவானாலும் வெளிப்படையாக வெறுமையாய் எழுதி வைப்பது நல்லது.

மெயில்பெட்டிகளை வேர்ச்சுவல் முறையில் (கணினியில் பயனர் கணக்கு இல்லாமல்) வைத்திருக்கிறவர்கள் தங்கள் டொமைனை வேர்ச்சுவல் பட்டியலில் போட்டு, மைடெஸ்டினேஷனில் இருந்து எடுத்துவிட வேண்டும். இரண்டிலும் இருந்தால் லாக்கில் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். .இலங்கை என்று முடியும் தமிழ் டொமைன் வாங்கியிருக்கிறவர்கள் தமிழ் வடிவத்தையும், எக்ஸ்என் என்று தொடங்கும் அதன் மறுவடிவத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

படி 2: நம்பிக்கைப் பட்டியலைச் சுருக்குங்கள்

மைநெட்வொர்க்ஸ் = 127.0.0.0/8 [::1]/128

அவ்வளவுதான். வீட்டு நெட்வொர்க் வேண்டாம். ரவுட்டர் உண்மை முகவரியை மறைக்காத ரகமாக இருந்தாலும் வேண்டாம், நாளைக்கு மின்னல் அடித்து ரவுட்டர் மாறும். எங்கள் பக்கம் ஏப்ரல் மாத இடி ஒன்று போதும். புதிய பெட்டி எப்படி நடந்துகொள்ளும் என்று யாருக்குத் தெரியும்?

இங்கே இன்னும் இரண்டு குழி இருக்கிறது.

முதலாவது டாக்கர், நிரல்களைத் தனித்தனிப் பெட்டிக்குள் (கன்டெய்னர்) ஓட்டும் மென்பொருள். போஸ்ட்ஃபிக்ஸை டாக்கர் பெட்டிக்குள் ஓட்டினால், வெளியிலிருந்து வரும் இணைப்புகள் சில வேளைகளில் 172.17.0.1 என்ற முகவரியிலிருந்து வருவதாகத் தெரியும். முக்கியமாக ஐபிவி6 வழியாக வருபவை. டாக்கரின் இடைத்தரகன்தான் அது. ‘கன்டெய்னர்கள் தங்களுக்குள் பேச வேண்டும்’ என்று 172.16.0.0/12ஐ நம்பிக்கைப் பட்டியலில் போட்டவர்கள் என்னைப்போலத்தான் கம்பளியில் மாட்டிக்கொண்டார்கள்.

இரண்டாவது சுரங்கம். நம் பக்கம் பல வீடுகளில் பைபர் வரவில்லை, 4ஜி ரவுட்டர்தான். அதில் கிடைக்கும் முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பங்குபோட்டுக்கொள்வதால் வெளியிலிருந்து நேரே உள்ளே வர முடியாது. எனவே மாத வாடகைக்கு ஒரு சின்ன விபிஎஸ் (இணையத்தில் இருக்கும் வாடகை சர்வர்) எடுத்து, அங்கே வரும் 25ஆம் போர்ட்டை (சர்வர்கள் மெயில் பரிமாறும் வாசல்) எஸ்எஸ்எச் என்ற மறையாக்கிய இணைப்புச் சுரங்கம் வழியாக வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். இந்த வழியில் வரும் ஒவ்வொரு இணைப்பும் 127.0.0.1இலிருந்து வருவதாகத்தான் போஸ்ட்ஃபிக்ஸுக்குத் தெரியும். அதாவது நான் மேலே சுருக்கித் தந்த பட்டியல்கூட உங்களைக் காப்பாற்றாது. சுரங்கம் போடுகிறவர்கள் அடுத்த படியில் வரும் பெர்மிட்_மைநெட்வொர்க்ஸ் என்ற சொல்லையே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வயர்கார்ட் (வேறொரு வகைச் சுரங்கம்) போட்டு, முகவரியை மாற்றாமல் அனுப்பும்படி விபிஎஸ்ஸை அமைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் மைநெட்வொர்க்ஸில் லூப்பேக் (127இல் தொடங்கும், கணினி தன்னையே குறிக்கும் முகவரி) மட்டும்தானே இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கி, காலையில் பிளேன்டீயோடு வரிசையைப் பார்த்துவிட்டு டீயை ஆறவிட்டார்.

படி 3: வாசலில் நிற்கும் விதி

மெயின்.சிஎஃப்பில் இதுதான் உயிர்:

எஸ்எம்டிபிடி_ரிலே_ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் =
  பெர்மிட்_மைநெட்வொர்க்ஸ்,
  பெர்மிட்_சாசல்_ஆத்தென்டிகேட்டட்,
  ரிஜெக்ட்_அன்ஆத்_டெஸ்டினேஷன்

சாசல் (எஸ்ஏஎஸ்எல் என்ற நான்கெழுத்து) என்பது கடவுச்சொல் சரிபார்க்கும் முறை. இரண்டாம் வரியிலிருந்து தொடக்கத்தில் இடைவெளி விட வேண்டும். இல்லையென்றால் போஸ்ட்ஃபிக்ஸ் அதைப் புதிய அமைப்பு என்று நினைத்துவிடும். வரிசை மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும், எது முதலில் பொருந்துகிறதோ அதோடு பேச்சு முடிந்தது. நம்பிக்கைப் பட்டியலில் இருக்கிறானா, விடு. கடவுச்சொல் சொன்னானா, விடு. இரண்டும் இல்லையென்றால், போகிற இடம் நம் டொமைனா என்று பார். இல்லையென்றால் விரட்டு.

பட்டியலின் மூன்றாவது விதியாக டெபியன் தருவது ரிஜெக்ட் அல்ல, டிஃபர்_அன்ஆத்_டெஸ்டினேஷன். இரண்டுமே ரிலேயைத் தடுக்கும். டிஃபர் 454 என்று சொல்லும், அதாவது ‘இப்போ இல்லை, பிறகு வா’. அமைப்பில் நீங்கள் தவறு செய்து உங்கள் சொந்த டொமைனையே மறந்துவிட்டால், வரவேண்டிய கடிதம் திரும்பிப் போய்விடாமல் மறுபடி முயலும் என்பதற்காக வைத்தது. அமைப்பு சரியென்று உறுதியானதும் ரிஜெக்டுக்கு மாற்றிவிடுங்கள். அது 554 5.7.1 என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும், திரும்பத் திரும்ப வந்து தட்டமாட்டான்.

ஸ்பேம் வடிகட்டும் விதிகளை இந்தப் பட்டியலில் போடாதீர்கள். அவற்றுக்கு எஸ்எம்டிபிடி_ரெசிப்பியன்ட்_ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் என்ற தனிப் பட்டியல் இருக்கிறது. 2013இல் வந்த போஸ்ட்ஃபிக்ஸ் 2.10க்கு முன் எல்லாம் ஒரே பட்டியலில்தான் இருந்தது. தெரிந்தவர் மெயில் ஸ்பேமில் மாட்டக் கூடாதென்று ‘ஓகே’ போட்டு ஒரு வரி எழுதினால், அந்த ஓகே ரிலேக்கும் அனுமதியாகிவிடும். அந்தத் தொல்லைக்காகத்தான் பட்டியலைப் பிரித்தார்கள். பழைய வழிகாட்டிகளைப் பார்த்து மறுபடி ஒட்டவைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. அனுப்புநர் முகவரியில் வீடு.உதாரணம் என்று இருந்தால் விடு என்று விதி எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அனுப்புநர் முகவரி என்பது உறையின் பின்னால் எவனும் எழுதக்கூடியது. “நான் இந்தத் தோட்டத்து ஆள்” என்று எழுதிக் கொடுத்தால் அப்பா நம்பியிருப்பாரா?

படி 4: நம் ஆட்களுக்குத் தனி வாசல்

25ஆம் போர்ட் உலகத்துக்கு. அங்கே நம் டொமைனுக்கு வரும் கடிதம் மட்டும், கடவுச்சொல் கேட்கிற வேலையே வேண்டாம். நம் போனும் லேப்டாப்பும் 465 அல்லது 587 வழியாக வரட்டும். 465இல் இணைப்பு தொடங்கும்போதே டிஎல்எஸ் (மறையாக்கம்), 587இல் பேச்சைத் தொடங்கிவிட்டுப் பிறகு டிஎல்எஸுக்கு மாறுவார்கள். 2018இல் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இணைய விதி ஆவணம் முதலாவதைத்தான் விரும்புகிறது. நான் 465 மட்டும் திறந்திருக்கிறேன், யாரும் குறை சொல்லவில்லை.

முதலில் மெயின்.சிஎஃப்பில்:

எஸ்எம்டிபிடி_சாசல்_ஆத்_எனேபிள் = நோ
எஸ்எம்டிபிடி_சாசல்_டைப் = டவ்காட்
எஸ்எம்டிபிடி_சாசல்_பாத் = பிரைவேட்/ஆத்
எஸ்எம்டிபிடி_டிஎல்எஸ்_ஆத்_ஒன்லி = எஸ்

பிறகு மாஸ்டர்.சிஎஃப்பில் ‘சப்மிஷன்ஸ்’ என்று தொடங்கும் பகுதியின் முன்னாலுள்ள # குறியை எடுத்துவிட்டு, அதன் கீழ் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய பதிப்புகளில் அதே பகுதிக்கு ‘எஸ்எம்டிபிஎஸ்’ என்று பெயர்.

  -ஓ எஸ்எம்டிபிடி_டிஎல்எஸ்_ராப்பர்மோட்=எஸ்
  -ஓ எஸ்எம்டிபிடி_சாசல்_ஆத்_எனேபிள்=எஸ்
  -ஓ எஸ்எம்டிபிடி_ரிலே_ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்=பெர்மிட்_சாசல்_ஆத்தென்டிகேட்டட்,ரிஜெக்ட்

மாஸ்டர்.சிஎஃப்பில் சமக்குறிக்கு இரு பக்கமும் இடைவெளி விடக் கூடாது. மெயின்.சிஎஃப் பழக்கத்தில் விட்டால் சர்வர் எழும்பாது. கடைசி வரியைக் கவனியுங்கள்: இந்த வாசலில் நம்பிக்கைப் பட்டியலே இல்லை. கடவுச்சொல் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே.

டவ்காட் பக்கத்தில், போஸ்ட்ஃபிக்ஸின் ஸ்பூல் கோப்புறைக்குள் பிரைவேட் என்பதன் கீழ் ‘ஆத்’ என்ற சாக்கெட்டை (இரண்டு நிரல்களும் பேசிக்கொள்ளும் வழி) உண்டாக்க வேண்டும். உரிமை போஸ்ட்ஃபிக்ஸுக்கு, அனுமதி 0660. டவ்காட்டின் மாதிரிக் கோப்பிலேயே அந்தப் பகுதி # போட்டு இருக்கும். டெபியன் 13இல் வருவது டவ்காட் 2.4. அதில் அமைப்பு மொழி பல இடங்களில் மாறிவிட்டது, 2.3க்கு எழுதிய கோப்பை அப்படியே போட்டால் ஓடாது. டிஎல்எஸ் சான்றிதழுக்கு லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சேவை போதும். புதுப்பித்த பிறகு போஸ்ட்ஃபிக்ஸையும் டவ்காட்டையும் ரீலோட் செய்ய ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அக்காவின் ஸ்கேனர்? அது இப்போது லேப்டாப்பில் ஒரு கோப்புறைக்குள் படத்தைப் போடுகிறது. மெயில் அனுப்புவது அக்காவின் வேலை.

படி 5: கடவுச்சொல்தான் இப்போது கதவு

ரிலேயை அடைத்துவிட்டால் திருடன் சாவியைத் தேடுவான். இன்றைக்கு ஸ்பேம்காரர்கள் அதிகம் நம்புவது திறந்த ரிலேயை அல்ல, திருடிய அல்லது ஊகித்த கடவுச்சொல்லை. ‘டெஸ்ட்’ என்று ஒரு கணக்கு தொடங்கி ‘டெஸ்ட்123’ என்று வைத்துவிட்டு மறந்திருப்பீர்கள். அதை இன்றே அழியுங்கள். ‘ஆபீஸ்’, ‘இன்ஃபோ’, ‘ஸ்கேனர்’ என்ற பெயர்களையும் அவர்கள் முதலில் முயன்று பார்ப்பார்கள்.

ஒரு கணக்கு களவு போனாலும் அடுத்தவர் பெயரில் அனுப்ப முடியாதபடி செய்ய வழி உண்டு. எஸ்எம்டிபிடி_சென்டர்_லாகின்_மேப்ஸ் என்ற வரியில் எந்த முகவரியை எந்தக் கணக்கு பயன்படுத்தலாம் என்ற அட்டவணையைக் காட்டிவிட்டு, சப்மிஷன்ஸ் பகுதியின் சென்டர் விதியில் ரிஜெக்ட்_சென்டர்_லாகின்_மிஸ்மேட்ச் என்று சேருங்கள். அதே பகுதியில் நிமிடத்துக்கு இத்தனை மெயில்தான் என்று எஸ்எம்டிபிடி_கிளையன்ட்_மெசேஜ்_ரேட்_லிமிட் வழியாக வரம்பும் வையுங்கள். இயல்பாக அது 0, அதாவது வரம்பே இல்லை. வீட்டுக்கு 10 தாராளம். எங்கள் வீட்டில் நிமிடத்துக்குப் பத்து மெயில் எழுதுகிறவர் யாருமில்லை.

தவறான கடவுச்சொல்லோடு திரும்பத் திரும்பத் தட்டுகிற முகவரியைத் தடை செய்யும் ஃபெயில்2பேன் போடுங்கள். ஆனால் லாக்கில் எல்லாரும் 192.168.1.1 ஆகத் தெரிகிற வீடாக இருந்தால் அது ரவுட்டரையே தடை செய்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும், பிறகு யாருக்கும் மெயில் வராது. டெபியன் 12 முதல் அதன் பின்னணியை சிஸ்டம்டி என்று குறிப்பிடவும் வேண்டும், லாக் கோப்பு இல்லாத காரணத்தால்.

படி 6: வெளியே நின்று தட்டிப் பாருங்கள்

இதைச் செய்யாமல் எழுந்துவிடாதீர்கள். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு சோதித்தால் அது சோதனையே அல்ல. உள்ளிருந்து நம் டொமைன் பெயருக்குப் போகும் இணைப்பையும் ரவுட்டர் திருப்பி அனுப்பும்போது முகவரியை மாற்றிவிடலாம்.

சிக்கல் என்னவென்றால், போன் டேட்டாவில் இருந்து 25ஆம் போர்ட்டுக்கு வெளியே போகவிடாமல் பல நிறுவனங்கள் அடைத்திருக்கும். அதனால் ரவுட்டரில் தற்காலிகமாக ஒரு விதி போடுகிறேன்: வெளியே 2525, உள்ளே சர்வரின் 25. இதில் இன்னொரு லாபம், ரவுட்டர் முகவரியை மறைக்கிறதா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். 4ஜி சுரங்கக்காரர்கள் இதே விதியை விபிஎஸ்ஸில் போட வேண்டும்.

போனில் வைஃபையை அணைத்து, டெர்மக்ஸ் (கட்டளை தட்டும் செயலி) திறந்து, டெல்நெட் என்ற கட்டளையால் 2525க்குப் போங்கள். 220 என்று வரவேற்பு வரும். பிறகு ஒவ்வொரு வரியாக (ஈஹெலோ என்பது ஈ, எச், எல், ஓ என்ற நான்கே எழுத்து):

ஈஹெலோ சோதனை.உதாரணம்
மெயில் ஃப்ரம்:<யாரோ@எங்கோ.உதாரணம்>
ஆர்சிபிடி டு:<உங்கள் வேறு மெயில் முகவரி>

ஈஹெலோவுக்கு வரும் பதிலில் ‘ஆத்’ என்ற வரி இருக்கக் கூடாது. இருந்தால் 25இல் கடவுச்சொல் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், படி 4க்குத் திரும்புங்கள். மூன்றாவது வரிக்கு வரவேண்டிய பதில்:

554 5.7.1 ரிலே ஆக்சஸ் டினைட்

250 வந்தால் அங்கேயே நிறுத்தி ரவுட்டரில் 25ஐ அடைத்துவிட்டு வாருங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

554 வந்ததும் மகிழ்ந்து மூடிவிடாமல் இன்னும் மூன்று முறை தட்டுங்கள். அனுப்புநராக உங்கள் சொந்த டொமைன் முகவரியைப் போட்டு வெளி முகவரிக்கு: இதற்கும் 554தான் வரவேண்டும். பெறுநராக ‘நண்பன்%வெளி.உதாரணம்@வீடு.உதாரணம்’ என்ற பழைய சதவீதக் குறி வித்தை: மறுப்பு வரவேண்டும். கடைசியாக, வெளி அனுப்புநரிலிருந்து உங்கள் வீட்டில் உண்மையாக இருக்கும் ஒருவருக்கு: 250. எல்லாவற்றையும் மறுக்கிற சர்வரும் பிழையான சர்வர்தான்.

இப்போது லாக்கைப் பாருங்கள். ‘கனெக்ட் ஃப்ரம்’ வரியில் உங்கள் போனின் வெளி முகவரி தெரிந்தால் ரவுட்டர் நல்ல பிள்ளை. 192.168இல் தொடங்கினால் கம்பளி போர்த்துகிற ரகம். உங்கள் ரிலே அடைபட்டிருக்கிறது, ஆனால் ஸ்பேம் கறுப்புப் பட்டியல் சோதனையோ எஸ்பிஎஃப் சோதனையோ (அனுப்புகிற சர்வருக்கு அந்த டொமைனின் அனுமதி உண்டா என்று பார்ப்பது) அந்த வீட்டில் வேலை செய்யாது. முடிந்தால் ரவுட்டரை மாற்றுங்கள்.

வீட்டில் ஐபிவி6 இருந்தால் இதே சோதனையை அதன் வழியாகவும் ஒருமுறை செய்ய வேண்டும். ஐபிவி4 கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவை மறப்பது சாதாரணமாக நடக்கிறது.

வெளியே போகும் வழி

வீட்டு இணைப்பின் முகவரியிலிருந்து நேரே அனுப்பும் மெயிலைப் பெரிய மெயில் நிறுவனங்கள் பெரும்பாலும் வாங்காது. ஸ்பேம் தடுப்பு அமைப்பான ஸ்பாம்ஹவுஸின் பிபிஎல் பட்டியல் வீட்டு முகவரிகளைக் குற்றம் செய்யாமலேயே சேர்த்து வைத்திருக்கும், வீட்டிலிருந்து நேரடி மெயில் வரத் தேவையில்லை என்பது அவர்கள் கணக்கு. எனவே ரிலேஹோஸ்ட் என்ற வரியில் நமக்காக மெயில் அனுப்பும் ஒரு கட்டணச் சேவையின் பெயரைச் சதுர அடைப்புக்குள் போட்டு, கூடவே 587 என்று எழுதி, அதன் கடவுச்சொல்லைத் தனிக் கோப்பில் 600 அனுமதியோடு வையுங்கள். எஸ்பிஎஃப் பதிவில் அந்தச் சேவையைச் சேருங்கள், டிகிம்மும் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்) போடுங்கள். வெளிச் சேவை ஒன்றின் கணக்கு உங்கள் சர்வருக்குப் பின்னால் இருக்கிறதென்றால், ரிலே திறந்த நாளில் அந்தக் கணக்கும் பில்லும் சேர்ந்து போகும்.

இல்லாத பெயருக்கு வரும் மெயிலையும் வாசலிலேயே மறுக்க வேண்டும். வாங்கி வைத்துக்கொண்டு பிறகு ‘ஆள் இல்லை’ என்று திருப்பி அனுப்பினால், பொய்யாக எழுதிய அனுப்புநர் தலையில் அது விழும். அதுவும் ஒரு வகைக் கள்ள ரிலேதான். லோக்கல்_ரெசிப்பியன்ட்_மேப்ஸ் வரியை வெறுமையாக்காமல் விட்டாலே போஸ்ட்ஃபிக்ஸ் இதைப் பார்த்துக்கொள்ளும்.

ஏற்கெனவே நடந்துவிட்டிருந்தால்

முதல் வேலை ரவுட்டரில் 25, 465, 587 மூன்றையும் அடைப்பது. பயப்பட வேண்டாம், உங்களுக்கு மெயில் அனுப்புகிற நேர்மையான சர்வர்கள் நான்கைந்து நாள்வரை திரும்பத் திரும்ப முயலும். கரண்ட் போன நாட்களில் எங்கள் மெயில் பிழைத்திருப்பதும் இதனால்தான்.

பிறகு வரிசையை அழிக்காமல் நிறுத்தி வையுங்கள்: ‘போஸ்ட்சூப்பர் -எச் ஆல்’, கடைசிச் சொல் மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில். ‘போஸ்ட்கியூ -பி’ கொடுத்து ஒரு மெயிலின் எண்ணை எடுத்து, அந்த எண்ணை லாக்கில் தேடுங்கள். அதில் ‘சாசல்_யூசர்நேம்’ இருந்தால் அந்தக் கணக்கின் கடவுச்சொல் போய்விட்டது, உடனே மாற்றுங்கள். அது இல்லாமல் ‘கிளையன்ட்’ மட்டும் இருந்தால் நம்பிக்கைப் பட்டியலில்தான் ஓட்டை, எந்த முகவரி என்று பார்த்தால் எந்தக் கம்பளி என்று தெரியும். கிளையன்டும் இல்லாமல் ‘பிக்கப்’ என்று இருந்தால் சர்வருக்குள்ளேயே ஏதோ ஒரு நிரல் அனுப்புகிறது. நீங்கள் அதே கணினியில் வெப்சைட் வைத்திருந்தால் அதன் தொடர்புப் படிவத்தில் இருந்து தேடத் தொடங்குங்கள்.

காரணம் கிடைத்த பிறகு குப்பையை ‘போஸ்ட்சூப்பர் -டி’ கொண்டு அழிக்கலாம். ஆல் என்று கொடுத்தால் அக்கா அனுப்பிய மெயிலும் சேர்ந்து போகும். நான் அப்படி அனுப்பிவைத்தேன், இன்னும் பேச்சு வாங்குகிறேன்.

அடைத்து, படி 6ஐ மறுபடி செய்து, போர்ட்களைத் திறந்த பிறகு வாரத்துக்கொருமுறை ‘போஸ்ட்கான்ஃப் மைநெட்வொர்க்ஸ்’ என்று கொடுத்துப் பாருங்கள். ரவுட்டரில் போட்ட 2525 விதியை அழித்தாயிற்றா என்றும் அப்படியே பாருங்கள். எங்கள் வீட்டில் அது மூன்று வாரம் கிடந்தது.